கட்டிக்குள் நிற்கும் டி செல்கள்: புற்றுநோய் திரும்புமா என்று நோய் எதிர்ப்பு மண்டலம் சொல்லுமா?

இது பெரும்பாலும் பெருங்குடல் புற்றுநோயைப் பற்றிய பக்கம். நோய் எதிர்ப்பு மண்டலத்தைப் பார்த்து நோயின் போக்கைக் கணிக்கும் முறை இதில்தான் ஒழுங்காக, பல நாடுகளில் சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. சினைப்பை, மார்பகம், சிறுநீரகம் பற்றிய கேள்விகள் பின்பாதியில் வருகின்றன. இதைப் படித்துவிட்டு நீங்களே சிகிச்சையை முடிவு செய்ய வேண்டாம். டாக்டரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ளப் பயன்பட்டால் போதும்.

அப்பாவுக்கு ஸ்டேஜ் என்னவென்று சொல்லிவிட்டார்கள். அதற்கு மேல் கணிக்க என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. ஸ்டேஜ் என்பது டிஎன்எம் என்ற முறைப்படி போடப்படுவது. கட்டி குடல் சுவரில் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, பக்கத்து நிணநீர் முடிச்சுகளில் (நெறிகட்டி என்போமே, அவைதான்) எத்தனையில் பரவியிருக்கிறது, கல்லீரல், நுரையீரல் என்று தொலைவில் போய்விட்டதா, இந்த மூன்றும்தான் கணக்கு. பிரான்சில் பியர் தெனுவா என்ற அறுவை சிகிச்சை நிபுணர் 1940களில் உருவாக்கத் தொடங்கிய முறை இது. உலகம் முழுக்க இன்றும் இதுதான் ஓடுகிறது, நன்றாகவே ஓடுகிறது.

ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. இரண்டாம் ஸ்டேஜ் பெருங்குடல் புற்றுநோயில் ஆபரேஷன் மட்டும் செய்தாலே ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேர் குணமாகிவிடுகிறார்கள். ஐந்தாவது ஆளுக்குத் திரும்பி வருகிறது. அவர் யார், ஏன் அவருக்கு மட்டும்? ஒரே ஸ்டேஜ், ஒரே ஆபரேஷன். டிஎன்எம்மிடம் இதற்குப் பதில் கிடையாது. கட்டி எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அது அளக்கிறது. உடம்பு அந்தக் கட்டியை என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதை அது பார்ப்பதே இல்லை.

புற்று செல்லும் நம் உடம்பின் செல்தானே? அதை எதிரி என்று எதிர்ப்பு மண்டலம் எப்படிக் கண்டுபிடிக்கும்?

நம் செல்தான், ஆனால் மரபணு கெட்டுப்போன செல். பிழைகள் சேரச் சேர அது தயாரிக்கும் புரதங்களும் மாறுகின்றன. ஒவ்வொரு செல்லும் தனக்குள் இருக்கும் புரதங்களின் சிறு துண்டுகளைத் தன் மேற்பரப்பில் ஏற்றிக் காட்டிக்கொண்டே இருக்கும். டி செல் என்ற வெள்ளை அணுக்கள் சுற்றி வந்து அவற்றைச் சோதிக்கும். வழக்கமில்லாத துண்டு தென்பட்டால் தாக்கும்.

பால் எர்லிக் 1909-லேயே இப்படி ஒரு காவல் இருக்கத்தான் வேண்டும் என்று சொன்னார். 1950களில் லூயிஸ் தாமஸும் மக்ஃபார்லேன் பர்னெட்டும் அதை ஒரு கொள்கையாக வளர்த்தார்கள். அப்புறம் நடுவில் அந்தக் கொள்கை செல்வாக்கு இழந்தது, ஏனென்றால் டி செல் இல்லாத ஒரு வகை எலிகளுக்குப் புற்றுநோய் அதிகம் வரவில்லை என்று 1970களில் ஒரு சோதனை காட்டியது. அந்த எலிகளிடம் வேறு வகைப் பாதுகாப்பு கொஞ்சம் மிச்சமிருந்தது என்பது பிறகுதான் புரிந்தது. 2001-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ராபர்ட் ஷ்ரைபரின் குழு, டி செல், பி செல் என்ற இரண்டு வகை எதிர்ப்பு செல்களுமே இல்லாத எலிகளை வைத்து மறுபடி பார்த்தது. அவற்றுக்குக் கட்டிகள் கூடுதலாக வந்தன. காவல் உண்மைதான் என்று நிலைபெற்றது.

மனிதர்களிடமும் சான்று இருக்கிறது. எனக்கு மிகவும் வலுவாகத் தெரிவது 2003-இல் வெளியான ஸ்காட்லாந்து நிகழ்வு. மூளை ரத்தக்கசிவில் இறந்த ஒருவரின் இரண்டு சிறுநீரகங்களும் இரண்டு நோயாளிகளுக்குப் பொருத்தப்பட்டன. இருவருக்கும் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் வந்தது. தேடிப் பார்த்தால், தானம் கொடுத்தவருக்கு 16 வருடங்களுக்கு முன் மெலனோமா வந்து, குணமாகிவிட்டது என்று விடப்பட்டிருந்தது. அவர் உடம்பில் புற்று செல்கள் அத்தனை வருடமும் இருந்திருக்கின்றன, வளர முடியாமல். எதிர்ப்பு சக்தியை மருந்தால் அடக்கி வைத்திருந்த வேறு உடம்புக்குள் போனதும் வளர்ந்துவிட்டன.

ஷ்ரைபர் இதை மூன்று நிலைகளாகச் சொல்கிறார். முதலில் அழித்தல். அது முடியாவிட்டால் பல வருடம் நீளும் ஒரு சமநிலை. கடைசியில் தப்பித்தல். ஸ்கேனில் தெரியும் அளவுக்குக் கட்டி வளர்ந்துவிட்டது என்றால் மூன்றாம் நிலைக்கு வந்துவிட்டது என்று பொருள். அப்போதும் மோதல் முடிந்துவிடுவதில்லை. அது எந்த அளவில் நடக்கிறது என்பதைத்தான் இப்போது அளக்கப் பழகியிருக்கிறார்கள்.

எதிர்ப்பு செல்களைப் பார்த்து நோயின் முடிவைச் சொல்லலாம் என்று யார் கண்டுபிடித்தார்கள்?

ஒருவர் இல்லை. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் வில்லியம் மெக்கார்ட்டி என்ற பேதாலஜிஸ்ட் (திசுவை நுண்ணோக்கியில் பார்த்து நோயைச் சொல்லும் டாக்டர்) 1920களிலேயே, கட்டியைச் சுற்றி லிம்போசைட் (டி செல்லும் சேர்ந்த வெள்ளை அணு வகை) நிறைய இருக்கும் நோயாளிகள் அதிக நாள் வாழ்கிறார்கள் என்று எழுதினார். 1980களில் லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையில் ஜெரமி ஜாஸ் மலக்குடல் புற்றுநோயில் அதையே சொன்னார். ஆனால் இதெல்லாம் கண்ணால் பார்த்து 'அதிகம்', 'குறைவு' என்று போட்ட மதிப்பு. ஒரே ஸ்லைடை இரண்டு பேர் பார்த்தால் இரண்டு பதில் வரும். அதனால் ஜாஸ் சொன்ன முறை நிலைக்கவில்லை.

திருப்பம் பாரிஸில் வந்தது. ஜெரோம் கலோன், ஃபிராங்க் பாஜேஸ், வுல்ஃப் ஃப்ரிட்மன் ஆகியோரின் குழு 2005-இல் 959 குடல் கட்டிகளை ஆராய்ந்து வெளியிட்டது. பரவலின் ஆரம்ப அறிகுறிகள், அதாவது ரத்தக் குழாய்க்குள்ளோ நிணநீர்க் குழாய்க்குள்ளோ நரம்பைச் சுற்றியோ புற்று செல்கள் நுழைந்திருப்பது, யாருக்கு இல்லையோ அவர்களின் கட்டிகளில் நினைவாற்றல் கொண்ட டி செல்கள் அதிகம் இருந்தன. பழைய எதிரியை நினைவில் வைத்திருந்து, மறுபடி கண்டதும் வேகமாகத் தாக்கும் வகை அது. ஆபரேஷனுக்குப் பிறகு உடம்பில் எங்கோ தங்கிவிட்ட ஒன்றிரண்டு புற்று செல்களை அது பார்த்துக்கொள்ளக்கூடும்.

அடுத்த வருடம், 2006-இல், அதே குழு கேட்ட கேள்வி இன்னும் கூர்மையானது. எவ்வளவு டி செல் என்பதோடு, அவை *எங்கே* நிற்கின்றன? கட்டியின் நடுப்பகுதியை ஒரு கணக்காகவும், கட்டி நல்ல திசுவுக்குள் ஊடுருவும் விளிம்பை இன்னொரு கணக்காகவும் எண்ணினார்கள். இரண்டு இடத்திலும் செறிவு அதிகமாக இருந்தவர்கள், கட்டி ஆழமாகப் போயிருந்தாலும் நன்றாக இருந்தார்கள். இரண்டு இடத்திலும் குறைவாக இருந்தவர்களுக்கு, ஆரம்பக் கட்டத்தில் பிடித்திருந்தாலும் நோய் திரும்பியது. ஸ்டேஜை விட இந்த எண்ணிக்கை நன்றாகக் கணித்தது என்பது அவர்கள் வாதம். அறுபது வருடப் பழக்கத்துக்கு எதிரான பெரிய வாதம்தான்.

இடம் ஏன் முக்கியம்? சில கட்டிகளில் டி செல்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்திருக்கும், ஆனால் உள்ளே ஒன்றுகூட போயிருக்காது. கட்டி தன்னைச் சுற்றி வளர்த்துக்கொண்ட நார்த்திசுவும் அது வெளியிடும் ரசாயனங்களும் தடுத்துவிடுகின்றன. கோட்டைக்கு வெளியே முகாமிட்ட படை மாதிரி. தலைகளை மட்டும் எண்ணினால் படை பெரிதாகத்தான் தெரியும்.

இம்யூனோஸ்கோர் என்பது இதுதானா? எப்படிப் போடுகிறார்கள்?

ஆமாம், அந்த 2006 வேலையிலிருந்து வளர்ந்ததுதான். நோயாளிக்குப் புதிதாக ஊசியோ ரத்தப் பரிசோதனையோ தேவையில்லை. ஆபரேஷனில் எடுத்த கட்டியின் ஒரு துண்டை மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள், பிளாக் என்று சொல்வது. அதிலிருந்து மெல்லிய இரண்டு சீவல்களை எடுக்கிறார்கள். ஒன்றில் சிடி3 என்ற அடையாளத்துக்குச் சாயம், அது எல்லா டி செல்களிலும் இருக்கும். இன்னொன்றில் சிடி8-க்கு, இது புற்று செல்லை நேரடியாகக் கொல்லும் வகையிடம் இருப்பது. ஸ்லைடை ஸ்கேன் செய்து மென்பொருள் எண்ணுகிறது. நடுவில் சிடி3, நடுவில் சிடி8, விளிம்பில் சிடி3, விளிம்பில் சிடி8 என்று நான்கு எண்கள் வரும். விளிம்பு என்பது ஒரு மில்லிமீட்டர்கூட அகலமில்லாத பட்டை.

ஒவ்வொரு எண்ணையும் ஏற்கெனவே அளந்து வைத்த பெரிய நோயாளிக் கூட்டத்தோடு ஒப்பிட்டு, இவர் நூறு பேரில் எத்தனையாவது இடத்தில் நிற்கிறார் என்று பார்ப்பார்கள். நான்கு இடங்களின் சராசரி 25 வரை இருந்தால் குறைவு, 70-க்கு மேல் என்றால் அதிகம், நடுவில் இருப்பது இடைநிலை.

கம்ப்யூட்டர் எண்ணுவதை நம்பலாமா?

கண்ணால் மதிப்பிடுவதை விட நம்பலாம். எந்தப் பகுதி கட்டி, எது விளிம்பு, எங்கே திசு செத்துப்போயிருக்கிறது என்பதை ஒரு பேதாலஜிஸ்ட் சரிபார்க்க வேண்டும். எண்ணுவது மட்டும் இயந்திரத்தின் வேலை.

சரி, இது பாரிஸ் நோயாளிகளுக்குப் பொருந்தியது. மற்ற நாட்டவர்களுக்கு?

அதைத்தான் 2018-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வு பார்த்தது. 13 நாடுகளில் 14 மையங்கள், ஒன்று முதல் மூன்றாம் ஸ்டேஜ் வரையிலான பெருங்குடல் புற்றுநோயாளிகள் 2,681 பேர். இந்தியாவிலிருந்தும் ஒரு மையம் உண்டு, அகமதாபாத்தில் இருக்கும் குஜராத் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம். மேலை நாட்டு உடம்புகளை மட்டும் வைத்துச் செய்த ஆய்வு நமக்கு எப்படிப் பொருந்தும் என்ற நியாயமான சந்தேகத்துக்கு இது ஓரளவு பதில்.

ஆய்வின் முதல் தொகுதியில், ஐந்து வருடத்துக்குள் நோய் திரும்பியது ஸ்கோர் அதிகமாக இருந்தவர்களில் 8 சதவீதத்தினருக்கு, இடைநிலையில் 19, குறைவாக இருந்தவர்களில் 32. மற்ற இரண்டு தொகுதிகளிலும் இதே வரிசைதான். வயது, ஆண்-பெண், கட்டியின் ஆழம், நிணநீர் முடிச்சு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் இந்த வேறுபாடு நின்றது.

இந்த எண்களை இரண்டு பக்கமும் படிக்க வேண்டும். ஸ்கோர் அதிகம் என்பதற்காக நோய் வராது என்றில்லை, நூற்றில் எட்டுப் பேருக்கு வந்திருக்கிறது. ஸ்கோர் குறைவு என்றால் கதை முடிந்தது என்றும் இல்லை. நூற்றில் 68 பேருக்கு அந்த ஐந்து வருடத்தில் வரவில்லையே. வாட்ஸ்அப்பில் இந்த மாதிரி ஆய்வுகள் சுற்றும்போது முதல் வரி மட்டும்தான் வரும், இந்தப் பாதி வராது.

ஐரோப்பியப் புற்றுநோய் மருத்துவர்கள் சங்கமான எஸ்மோ தன் 2020 வழிகாட்டியில், டிஎன்எம்முடன் *சேர்த்து* இந்த ஸ்கோரைப் பயன்படுத்தலாம் என்று இடம் கொடுத்தது. டிஎன்எம்மை நீக்கிவிட்டு அல்ல. என் பார்வையிலும் அதுதான் சரியான இடம்.

ஸ்கோர் நன்றாக இருந்தால் கீமோ வேண்டாம் என்று சொல்லலாமா?

இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். நோய் எப்படிப் போகும் என்று கணிப்பது ஒன்று. குறிப்பிட்ட மருந்து இவருக்கு வேலை செய்யுமா என்று கணிப்பது வேறு. முதலாவது தெரிந்தால் இரண்டாவதும் தெரியும் என்று தோன்றும். அப்படி இல்லை.

பிரான்சில் மூன்றாம் ஸ்டேஜ் நோயாளிகளுக்கு ஃபோல்ஃபாக்ஸ் என்ற கீமோவை மூன்று மாதம் கொடுப்பதா, ஆறு மாதமா என்று ஒரு பெரிய சோதனை நடந்தது. அதில் இருந்தவர்களுக்கு இம்யூனோஸ்கோர் போட்டுப் பார்த்த முடிவு 2020-இல் வந்தது. எதிர்ப்பு வலுவாக இருப்பவர்களுக்குக் குறைந்த கீமோ போதும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். நடந்தது தலைகீழ். ஸ்கோர் இடைநிலையிலோ அதிகமாகவோ இருந்தவர்களுக்குத்தான் ஆறு மாதக் கீமோ கூடுதல் பலன் தந்தது. ஸ்கோர் குறைவாக இருந்தவர்களுக்கு மூன்று மாதத்துக்கும் ஆறு மாதத்துக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

ஒரு விளக்கம் இருக்கிறது. ஃபோல்ஃபாக்ஸில் இருக்கும் ஆக்சாலிபிளாட்டின் புற்று செல்லைக் கொல்லும்போது, அந்தச் சாவு எதிர்ப்பு மண்டலத்தை எழுப்பும் விதத்தில் நடக்கிறது என்று பாரிஸ் பக்கத்து வில்ஜுயிஃபில் கிடோ க்ரோமர், லாரன்ஸ் சித்வோகல் குழு எலிகளில் காட்டியிருக்கிறது. அப்படியானால் ஏற்கெனவே டி செல்கள் நிற்கும் இடத்தில் கீமோவுக்குத் துணை கிடைக்கிறது. விளக்கம் அழகாக இருக்கிறது, ஆனால் சோதனை முடிந்த பிறகு செய்த ஓர் அலசலின் மேல் நிற்கிறது. அதனால் யாருடைய கீமோவையும் இதை மட்டும் வைத்து நிறுத்தவோ நீட்டவோ முடியாது.

இரண்டாம் ஸ்டேஜில் நிலைமை கொஞ்சம் வேறு. அங்கே கீமோ தருவதா வேண்டாமா என்பதே பலருக்கு இழுபறியாக இருக்கும். ஸ்கோர் அதிகம் என்ற தகவல் அந்த இழுபறியில் ஒரு பக்கம் எடை கூட்டலாம்.

எங்கள் பயாப்ஸி ரிப்போர்ட்டில் இப்படி எந்த ஸ்கோரும் இல்லையே?

பெரும்பாலும் இருக்காது. ஆனால் அதே கேள்விக்கு நெருக்கமான, எல்லோரும் கேட்டு வாங்க வேண்டிய ஒரு பரிசோதனை உண்டு: எம்எம்ஆர், அல்லது எம்எஸ்ஐ. ரிப்போர்ட்டில் எம்எல்எச்1, பிஎம்எஸ்2, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6 என்று நான்கு பெயர்கள் இருக்கிறதா பாருங்கள்.

இந்த நான்கும் மரபணுவைப் படியெடுக்கும்போது விழும் பிழைகளைத் திருத்தும் புரதங்கள். இதில் ஒன்று வேலை செய்யாவிட்டால் பிழைகள் ஆயிரக்கணக்கில் சேரும். பிழை கூடக் கூட, டி செல்லுக்கு அடையாளம் தெரியும் விநோதத் துண்டுகளும் கூடும். அதனால்தான் இந்த வகைக் கட்டிகள் நுண்ணோக்கியில் பார்த்தாலே லிம்போசைட்டால் நிரம்பியிருக்கும். குடல் புற்றுநோய்களில் சுமார் 15 சதவீதம் இப்படி. தொலைவில் பரவிவிட்ட நிலையில் இந்தப் பங்கு 5 சதவீதமாகக் குறைகிறது. இவை அவ்வளவாகப் பரவுவதில்லை என்பதை அதிலிருந்தே ஊகிக்கலாம்.

இந்த முடிவு சிகிச்சையை நேரடியாக மாற்றும். இரண்டாம் ஸ்டேஜில் இந்த வகை என்றால் நோய் திரும்பும் வாய்ப்பு குறைவு, 5-எஃப்யூ என்ற கீமோ மருந்தை மட்டும் கொடுப்பதால் பலன் இல்லை. பரவிய நிலையில் என்றால் கீமோவுக்குப் பதில் பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி (டி செல்லுக்குக் கட்டி போடும் தடையை நீக்கும் மருந்து) முதல் தேர்வு. 2020-இல் வந்த சோதனையில், நோய் கட்டுக்குள் இருந்த காலம் கீமோவில் சராசரியாக 8 மாதம், பெம்ப்ரோலிசுமாபில் 16 மாதத்துக்கு மேல். நெதர்லாந்தில் ஆபரேஷனுக்கு முன் நான்கு வாரம் மட்டும் இம்யூனோதெரபி கொடுத்துப் பார்த்தார்கள். 111 பேரில் 68 சதவீதத்தினருக்கு, வெட்டி எடுத்த குடலில் உயிருள்ள புற்று செல் ஒன்றுகூட இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. இந்தக் குறைபாடு சில குடும்பங்களில் பரம்பரையாக வரும், லிஞ்ச் சிண்ட்ரோம் என்பார்கள். அப்பாவுக்கு இருந்தால் பிள்ளைகள், சித்தப்பா, அத்தை எல்லோருமே பரிசோதனை பற்றிக் கேட்க வேண்டியிருக்கும். அவர்களுக்கு நோய் வரும் முன்பே கொலனோஸ்கோபி (குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) செய்து பார்க்கலாம்.

மலக்குடல் புற்றுநோயில் முதலில் கதிர்வீச்சு கொடுத்துவிடுகிறார்களே, அப்போது எப்படி ஸ்கோர் போடுவது?

சிகிச்சைக்கு முன் எடுத்த சின்ன பயாப்ஸித் துண்டிலேயே போட்டுப் பார்த்திருக்கிறார்கள். துண்டில் விளிம்பு இருக்காது, அதனால் நடுப்பகுதிக் கணக்கு மட்டும்தான். டி செல் அதிகம் இருந்தவர்களுக்குக் கதிர்வீச்சும் கீமோவும் நன்றாக வேலை செய்தன. கட்டி முழுக்கக் கரைந்துவிட்டவர்களை ஆபரேஷன் செய்யாமல் கண்காணிக்கும் முறைக்கு யார் பொருத்தம் என்று தேர்ந்தெடுக்க இது உதவக்கூடும்.

வேறு புற்றுநோய்களிலும் டி செல் அதிகமென்றால் நல்லதுதானே?

பெரும்பாலானவற்றில் ஆம். சினைப்பைப் புற்றுநோயில் 2003-இல் வந்த ஆய்வு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது: கட்டிக்குள் டி செல் இருந்த பெண்களில் 38 சதவீதம் பேர் ஐந்து வருடம் தாண்டினார்கள், இல்லாதவர்களில் 4.5 சதவீதம். மார்பகப் புற்றுநோயில் டிரிப்பிள் நெகட்டிவ் என்ற முரட்டு வகையில், கீமோவே எடுக்காத 1,966 பெண்களைப் பற்றிய ஆய்வு 2024-இல் வந்தது. முதல் ஸ்டேஜில், கட்டித் திசுவில் லிம்போசைட் பாதி அல்லது அதற்கு மேல் நிறைந்திருந்தவர்களில் 94 சதவீதத்தினர் ஐந்து வருடத்தில் நோய் வெளியே பரவாமல் இருந்தார்கள். 30 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தவர்களில் அது 78. மார்பகத்தில் இதற்கு விசேஷ மென்பொருள்கூட வேண்டாம், எல்லா லேபிலும் இருக்கும் சாதாரண எச்-அண்ட்-ஈ ஸ்லைடில் பேதாலஜிஸ்ட் பார்த்தே சொல்லலாம். அதற்கு சர்வதேச வழிமுறையும் வகுத்திருக்கிறார்கள்.

ஆனால் சிறுநீரகப் புற்றுநோய் இந்த விதியைக் கவிழ்த்துவிடுகிறது. அதன் முக்கிய வகையில் சிடி8 செல்கள் அதிகம் இருப்பவர்களுக்குப் பல ஆய்வுகளில் முடிவு *மோசமாக* இருந்தது. ஹார்மோனுக்குக் கட்டுப்படும் மார்பகப் புற்றுநோயிலும் லிம்போசைட் அதிகம் என்பது நல்ல சேதியாக இருப்பதில்லை.

ஏன் இப்படி? எண்ணிக்கை ஒன்று, வேலை செய்யும் நிலை வேறு. நீண்ட நாள் ஒரே எதிரியோடு மோதும் டி செல் ஒரு கட்டத்தில் சோர்ந்துவிடும். இடத்தில் நிற்கும், சாயமும் பிடிக்கும், கொல்லாது. சிறுநீரகக் கட்டிகளில் இப்படிச் சோர்ந்தவை நிறைய. அதோடு, எதிர்ப்பு மண்டலத்தில் எல்லாரும் ஒரே கட்சி இல்லை. மற்ற டி செல்களை அடக்குவதையே வேலையாகக் கொண்ட ரெகுலேட்டரி டி செல்கள் உண்டு, சினைப்பையில் அவை அதிகம் என்றால் கெட்ட அறிகுறி. குடல் புற்றுநோயிலோ அதே செல்கள் பல ஆய்வுகளில் நல்ல முடிவோடு சேர்ந்து வருகின்றன. குடல் எப்போதும் கிருமிகள் நிறைந்த இடம், அங்கே தேவையற்ற அழற்சியை அடக்குவது நன்மையாகிவிடுகிறது என்று கருதுகிறார்கள். மேக்ரோபேஜ் என்ற விழுங்கும் செல்களும் சில கட்டிகளில் ரத்தக் குழாய் வளர உதவி, எதிரிக்கே வேலை செய்கின்றன. ஆக, ஓர் உறுப்பில் கிடைத்த பாடத்தை இன்னொன்றுக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போக முடியாது.

சாதாரண ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்பு சக்தி தெரியாதா?

கொஞ்சம் தெரியும். சிபிசி என்ற ரத்த அணு எண்ணிக்கை ரிப்போர்ட்டில் நியூட்ரோபில் என்ற இன்னொரு வெள்ளை அணுவின் எண்ணிக்கையை லிம்போசைட் எண்ணிக்கையால் வகுத்தால் என்எல்ஆர் என்ற விகிதம் கிடைக்கும். நியூட்ரோபில் 6,000, லிம்போசைட் 1,500 என்றால் விகிதம் 4. 2014-இல் நூறு ஆய்வுகளை, நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்ததில், இந்த விகிதம் உயர்ந்திருந்தவர்களுக்கு ஆயுள் குறைவாக இருந்தது.

அதற்காக ரிப்போர்ட்டை எடுத்துக் கால்குலேட்டரைத் தட்டிக் கவலைப்பட வேண்டாம். காய்ச்சல், பல் சீழ், ஸ்டீராய்டு மாத்திரை, ஆபரேஷன் என எது வந்தாலும் இந்த விகிதம் ஏறும். ஆயிரம் பேரைப் பற்றிப் பேச உதவும் எண், உங்கள் ஒரு ரிப்போர்ட்டைப் பற்றிப் பேச உதவாது.

பிடி-எல்1 டெஸ்ட் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதுவும் இதே வகையா?

உறவுதான். பிடி-எல்1 என்பது கட்டி தன் மேல் போர்த்திக்கொள்ளும் ஒரு புரதம். டி செல்லில் இருக்கும் பிடி-1-ஐ அது தொட்டால் டி செல் தாக்குவதை நிறுத்திவிடும். பிடி-1-ஐக் கண்டுபிடித்த தசுகு ஹோன்ஜோவும், சிடிஎல்ஏ-4 என்ற இன்னொரு தடுப்பை மருந்துக்கான இலக்காக மாற்றிக் காட்டிய ஜேம்ஸ் ஆலிசனும் 2018-இல் மருத்துவ நோபல் பெற்றார்கள். நுரையீரல் புற்றுநோயில் பாதிக்கு மேற்பட்ட புற்று செல்களில் பிடி-எல்1 இருந்தால் இம்யூனோதெரபி மட்டுமே முதல் சிகிச்சையாகத் தரப்படலாம். இந்தச் சோதனை மருந்தைத் தேர்ந்தெடுக்க, நோயின் போக்கைச் சொல்ல அல்ல. பூஜ்யம் என்று வந்தவர்களிலும் சிலருக்கு மருந்து வேலை செய்கிறது.

இந்த மருந்துகளின் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறதே?

உண்மைதான், பல லட்சம். மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை இதற்கு ஒரு நல்ல பதிலைத் தேடியது. தலை, கழுத்துப் புற்றுநோய் முற்றியவர்களுக்கு, வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் மட்டும் நிவோலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தை மலிவான மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்தார்கள். ஒரு வருடம் தாண்டியவர்கள் மாத்திரை மட்டும் எடுத்த பிரிவில் 16 சதவீதம், நிவோலுமாபும் சேர்ந்த பிரிவில் 43 சதவீதம். எல்லாப் புற்றுநோய்க்கும் பொருந்துமா என்பது தனிக் கேள்வி, ஆனால் உங்கள் டாக்டரிடம் கேட்கத் தகுந்த கேள்வி.

எதிர்ப்பு சக்தியைக் கூட்டினால் நோய் திரும்பாதல்லவா? கஷாயம், பவுடர், மாத்திரை எதையாவது சொல்லுங்கள்.

கொரோனா காலத்திலிருந்து 'இம்யூனிட்டி பூஸ்டர்' என்று எழுதாத டப்பாவே கடையில் கிடையாது. மேலே படித்ததை வைத்து யோசியுங்கள். முடிவைத் தீர்மானிப்பது உடம்பு முழுக்க இருக்கும் பொதுவான 'சக்தி' இல்லை. குறிப்பிட்ட புற்று செல்லை அடையாளம் கண்ட குறிப்பிட்ட டி செல்கள், கட்டிக்குள் நுழைந்து, சோராமல் இருக்கின்றனவா என்பதுதான். அதைக் கூட்டும் பவுடர் இதுவரை இல்லை. கீமோ நேரத்தில் டாக்டருக்குச் சொல்லாமல் குடிக்கும் மூலிகைகள் கல்லீரலில் மருந்தோடு மோதலாம், அது நிஜமான ஆபத்து.

புரோபயாட்டிக் மாத்திரையும் அப்படியே. இம்யூனோதெரபி எடுத்த மெலனோமா நோயாளிகளை 2021-இல் பார்த்தபோது, நார்ச்சத்து போதிய அளவு சாப்பிட்டவர்களுக்கு நோய் கட்டுக்குள் இருந்த காலம் அதிகம். கடையில் வாங்கிய புரோபயாட்டிக் எடுத்தவர்களுக்கு அந்த நன்மை தெரியவில்லை. கீரை, அவரை, கம்பு, கொய்யா எல்லாம் விலையும் குறைவு. கண்காணிப்பு ஆய்வுதான், நிரூபணம் இல்லை, ஆனால் கெடுதலும் இல்லை.

உறுதியான சான்று உள்ள ஒன்று நடைப்பயிற்சி மாதிரியான உடற்பயிற்சி. பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷனும் கீமோவும் முடித்த 889 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மூன்று வருடம் பயிற்சியாளரோடு உடற்பயிற்சி கொடுத்தார்கள். 2025-இல் முடிவு வந்தது: ஐந்து வருடத்தில் நோயின்றி இருந்தவர்கள் பயிற்சிப் பிரிவில் 80 சதவீதம், கையேடு மட்டும் கொடுத்த பிரிவில் 74. இது எதிர்ப்பு மண்டலத்தின் வழியாகத்தான் நடந்ததா என்று அந்த ஆய்வு காட்டவில்லை. நோயாளிக்கு அது முக்கியமும் இல்லை.

ஸ்கோர் குறைவு என்றோ, 'லிம்போசைட் இல்லை' என்றோ வந்துவிட்டால் என்ன செய்வது?

முதலில், இது நோயாளி செய்த எதனாலும் வந்தது இல்லை. சாப்பாடு, மனக்கவலை என்று காரணம் தேடிக் குடும்பத்துக்குள் ஒருவரை ஒருவர் குற்றம் சொல்ல வேண்டாம். சில கட்டிகளின் மரபணு மாற்றங்களே டி செல்லை அண்டவிடாமல் செய்கின்றன.

நடைமுறையில், தொடர் பரிசோதனைகளை ஒன்றுகூட விடாமல் செய்வதுதான் வேலை: சிஇஏ ரத்தப் பரிசோதனை, டாக்டர் சொன்ன இடைவெளியில் சிடி ஸ்கேன், ஆபரேஷன் முடிந்து ஒரு வருடத்தில் கொலனோஸ்கோபி. கல்லீரலில் ஒரே ஓர் இடத்தில் திரும்பி வந்ததைச் சீக்கிரம் பிடித்தால் வெட்டி எடுத்துக் குணமாக்கவும் முடிகிறது.

அப்புறம் அந்த மெழுகு பிளாக். எம்எம்ஆர் செய்யவில்லை என்றால் அதே பிளாக்கில் இப்போதும் செய்யலாம், வருடக்கணக்கில் கெடாது. பெரும்பாலான இடங்களில் எழுதிக் கேட்டால் பிளாக்கையோ ஸ்லைடையோ வேறு லேபுக்குக் கொண்டுபோகத் தருவார்கள். பிளாக் எண் ரிப்போர்ட்டிலேயே இருக்கும். வீட்டு ஃபிரிட்ஜில் வைக்க வேண்டியதில்லை, வெயில் படாத இடத்தில் இருந்தால் போதும்.